எந்தக் கீயைத் தொட்டாலும்

என்னங்க,

இன்று காலை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பவுடர் கொட்டியது. விரல் வியர்வையில் வழுக்காமல் இருக்க உங்களுக்கு நான் பூசிவிட்ட வேர்க்குரு பவுடர். ஒரு வருஷமாகியும் அந்த வாசனை போகவில்லை. மேஜையைத் துடைக்க மனம் வராமல், ஆபீசுக்கு நேரமாவதையும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தபோது மட்டும் நான் எழுதியதைப் படித்தீர்களா என்ன? கடைக்கு எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, கேட்காததையெல்லாம் வாங்கி வந்த மனுஷன்தானே.

தீவு தீவாகத் தொட்டுக்கொண்டு கேம்பல் பே வரை போகும் கப்பலில், என்ஜின் அறையில் இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை உங்களுடையது. அந்தக் கையிலிருந்து முதல்முறை டீ கிளாஸ் நழுவியபோது இருவரும் சிரித்தோம். பிறகு மெயின்லேண்ட் போய்ச் சென்னையில் காட்டினோம். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே வரும், தடுக்க மருந்து கிடையாது என்றார் டாக்டர். திரும்பி வரும் விமானத்தில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பாட்டு கேக்கலாம்ல?"

கப்பலில் கூட வேலை பார்த்தவர்கள் பென் டிரைவில் கொடுத்த பாட்டெல்லாம் நம் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம், நிக்கோபாரி சர்ச் பாட்டுகள் வரைக்கும். ஆனால் உங்கள் கை மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரை முழுக்க அலைந்தது. ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள் நான். மருந்துதான் கொடுக்க முடியவில்லை, இதையாவது செய்யலாமே என்று கிளம்பினேன். படமும் பட்டனும் இல்லாமல், கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் மியூசிக் பிளேயர் ஒன்றைப் போட்டேன். அதற்கு மவுஸே வேண்டாம். எந்தக் கீ எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதி வைத்தால் போதும், அப்படியே கேட்கும்.

முதலில் பதினைந்து கீ வைத்தேன். அடுத்த பாட்டு, முந்தின பாட்டு, சத்தம் கூட்ட, குறைக்க, நிறுத்த, மொழிக்கு ஒன்று. நீங்கள் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "அரே, என் என்ஜின் ரூம்லயே இத்தன வால்வு கெடையாது."

பிறகு மாதத்துக்கு ஒன்றாகக் கீகளை எடுக்க வேண்டிவந்தது. சுண்டுவிரல் போனபோது ஓரத்துக் கீகள் போயின. மணிக்கட்டு தொய்ந்தபோது கீழ் வரிசை போயிற்று. ஒரு வரியைக்கூட நான் அழிக்கவில்லை. வரிக்கு முன்னால் ஹேஷ் குறி ஒன்று போட்டால் அந்த வரி இருக்கும், வேலை செய்யாது. கை திரும்பி வந்தால் குறியை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வராது என்று டாக்டர் சொன்னதை நானும்தான் கேட்டேன். இருந்தாலும் ஹேஷ்தான் போட்டேன்.

நிறுத்தும் கீயை எடுத்தது என் கெட்டிக்காரத்தனம். உங்கள் கை அடிக்கடி அதன்மேல் விழுந்து பாட்டு பாதியில் நின்றது. நான் ஆபீசில் இருக்கும்போது நின்றுபோனால் யார் போட்டுவிடுவது? பாட்டு நிற்கவே கூடாது என்று முடிவு செய்தேன். முன்னே போக ஒரு கீ, பின்னே போக ஒரு கீ, அவ்வளவுதான். ரொம்பப் பெருமையாக இருந்தது எனக்கு.

லீவெல்லாம் தீர்ந்து, மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்த வாரம் அது. பட்டியலில் முதல் பாட்டைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். நாம் பௌதி என்று கூப்பிடுவோமே, உங்களைத் தாதா, அதாவது அண்ணன், என்பாரே, அவர்தான். மதியம் வந்தபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. பௌதி வாசலில் நின்று சிரித்தார். "தாதா ஆஜ் பஹுத் குஷ் ஹை!" நீங்கள் பாட்டை மாற்றி மாற்றிப் போட்டதைப் பார்த்து, ரொம்ப சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று நினைத்து, ஸ்பீக்கரை அவரே கூட்டி வைத்திருக்கிறார்.

உள்ளே திரையில் நானூற்றுச் சொச்சமாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்தது, அடுத்தது, அடுத்தது. முகமெல்லாம் வியர்வை. ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கினேன்.

அப்போதே உங்கள் பேச்சு குழறிப்போயிருந்தது, எனக்கு மட்டும்தான் புரியும்.

"நம்ம கப்பல் இன்னிக்கு கெளம்புச்சு," என்றீர்கள். "ஹார்ன் கேக்கல."

"பாட்டு புடிக்கலியாங்க?"

"புடிக்கும். பந்த் பண்ணணும்ல. லிஸ்ட் முடிஞ்சா நிக்கும்னு அழுத்துனேன்."

நான் அழுதேன். நீங்கள் அழக்கூட முடியாமல் மூச்சு வாங்கினீர்கள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னீர்கள்: "போடறதுக்கு நீ இருக்க. நிறுத்தறது என் கையில இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே ஃபைலைத் திறந்து எல்லா வரிக்கும் ஹேஷ் போட்டேன். கீழே புதிதாக எழுதினேன். 'ஏ'யைத் தொட்டால் நிறுத்து. 'பி'யைத் தொட்டால் நிறுத்து. எண்கள், புள்ளி, ஸ்பேஸ், எதைத் தொட்டாலும் நிறுத்து. உங்கள் விரல் எங்கே விழுந்தாலும் பாட்டு நின்றது. நான் மவுஸால் பிளேயரை மறுபடி திறந்து போடுவேன், நீங்கள் நிறுத்துவீர்கள். பிடித்த பாட்டைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். கொழுப்புதான். கப்பலில் சீஃப் என்ஜினியரிடம் காட்ட முடியாத அதிகாரத்தையெல்லாம் என்னிடம் காட்டினீர்கள். அந்த இரண்டு மாதம் நாம் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அப்புறம் அந்த விரலும் போயிற்று. ஃபைலில் மாற்ற எதுவும் மிச்சமில்லை. கண்ணை மூடினால் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நானே கீயாகிவிட்டேன். பெரும்பாலும் மூன்றாவது பாட்டில் கண்ணை மூடுவீர்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாட்டைப் போட்டுவிட்டு, பின்பக்கம் மீன் கழுவப் போனேன். மூன்று பாட்டு முடிந்தது, நான்காவது ஓடியது. போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கையெல்லாம் செதில். இன்றைக்குப் பிடித்திருக்கிறது போல, கேட்கட்டும் என்று நினைத்தேன். சந்தோஷம்கூடப் பட்டேன். ஐந்தாவது பாட்டில்தான் உள்ளே வந்தேன். உங்கள் கண் மூடியிருந்தது.

நிறுத்து என்று சொல்லி மூடினீர்களா? எப்போது மூடினீர்கள்? எத்தனை நேரம் எனக்காகக் காத்திருந்தீர்கள்? ஈரக் கையோடு ஓடிப்போய் ஏதோ ஒரு கீயை அடித்தேன், பாட்டு நின்றது. நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. யாரிடம் கேட்பேன் இதை? பௌதியிடம் சொன்னேன், தூக்கத்திலேயே போயிருப்பார் என்றார். அவர் எதைத்தான் நல்லதாக நினைக்கவில்லை.

அந்த ஃபைலை நான் மாற்றவில்லை. இரண்டு நிமிஷ வேலை, கீழே எழுதியதை நீக்கி ஹேஷ்களை எடுத்தால் பதினைந்து கீயும் திரும்பி வந்துவிடும். திறக்கிறேன், பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். தினமும் பாட்டு மட்டும் போடுகிறேன். போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறேன். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் கை தானாகப் புடவையில் ஈரத்தைத் துடைத்துக்கொள்கிறது. கட்டில் இருந்த இடத்துக்கு வந்து நின்று, வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போகிறேன். அன்று வராத கால்கள் இப்போது ஒருநாள் தவறாமல் வருகின்றன.