கருவாட்டுக்குப் பழைய செருப்பு

தூத்துக்குடி
10.7.1974

மாதா துணை.

அன்புள்ள அத்தான் ரோச் அவர்களுக்கு கிளாடிஸ் எழுதுவது. நானும் பிள்ளைகளும் நல்ல சுகம். பம்பாய் மழையில் உங்களுக்கு இருமல் வராமலிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வள்ளத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு பம்பாய்க்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். உன் வளையலை விற்று வாங்கிய வலையைக் கடலில் பறிகொடுத்துவிட்டு எந்த முகத்தோடு திருவிழாவுக்கு வருவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வள்ளத்தை வாங்க ஆள் வந்து தட்டிப் பார்த்தது உண்மைதான். விற்பதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

நான் இப்போது பழைய ரப்பர் செருப்பில் வலைக்கு மிதவை செய்கிறேன். சிரிக்காதீர்கள். கருவாடு விற்கும் பேச்சித்தாயை உங்களுக்குத் தெரியும். பக்கத்திலுள்ள புதுக்கோட்டை, ஏரல் என்று கூடையோடு போகிறவள், காசுக்குப் பதிலாகச் சில வீடுகளில் அறுந்த செருப்பை வாங்கி வருகிறாள். கருவாட்டுக்குச் செருப்பு கேட்கிற ஒரே பொம்பளை நீதான் என்று ஏரலில் கேலி பேசுகிறார்களாம். அவள் அசரவில்லை. நான் அவற்றைச் சோடா உப்பில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயப்போடுகிறேன். ஓர் இரும்புக் குழாயின் வாயைக் கொல்லரிடம் தீட்டி வாங்கினேன். அதைச் செருப்பின் மேல் வைத்து ஒரு போடு போட்டால் வட்டமாக வெட்டி வரும். நடுவில் பழுக்கக் காய்ச்சிய சைக்கிள் கம்பியால் ஒரு துளை. நாலைந்து வட்டத்தைச் சேர்த்துக் கோத்தால் ஒரு மிதவை. வார்களைச் சைக்கிள் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். மீந்த துணுக்குகள் தலையணைக்குள் போகின்றன.

உங்கள் கூட்டாளி சிலுவைதான் முதலில் குதித்தான். "ஏளா, செருப்பக் கழத்திப் போட்டுட்டுத்தான் வள்ளத்துல கால வைக்கோம். அதப் போயி வலையில கட்டச் சொல்லுதியே, வெளங்குமா?" என்று தெருவே கூடும்படி கத்தினான். என் வாய் சும்மா இருக்குமா? கோயிலில் எரிந்து மீந்த மெழுகை உருக்கித்தான் புது மெழுகுவர்த்தி ஊற்றுகிறார்கள், அது யார் வீட்டு மெழுகு என்று கேட்டுவிட்டா கொளுத்துகிறாய் என்று நானும் கத்தினேன். சண்டையில் ஜெயித்தது நான்தான். ஆனால் மிதவையை ஒருவரும் வாங்கவில்லை.

பிறகு, பரணில் கிடந்த நம் பழைய வலையின் கிழிசலை முடிந்து, என் மிதவைகளைக் கட்டி, தம்பி இனிகோவை நம் வள்ளத்தில் அனுப்பினேன். அவன் கரை திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தான், வலை நிறையச் சாளை! மிதவை மரக்கட்டையைப் போல நீர் குடித்துக் கனக்கவில்லை, வலை நிமிர்ந்தே நின்றது என்றான். மறுநாளே சிலுவை தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "எனக்கும் கட்டிக் குடு. பெருவிரல் பதிஞ்ச இடம் மட்டும் வேண்டாம்" என்றான். இப்போது எல்லாரும் அப்படியே கேட்கிறார்கள். விரல் பதிந்த இடத்தையெல்லாம் தலையணைக்குத் தள்ளிவிடுகிறேன்.

அத்தான், வலை போனது காற்றினால். வளையல் போயிற்றே என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? இங்கே யாரும் உங்களை ஏளனம் பேசவில்லை. இனிகோவுக்கு உங்கள் அளவுக்குக் கடல் தெரியவில்லை என்றுதான் பேசுகிறார்கள். என்னிடம் சொல்லாமல் போனீர்களே, அந்தக் கோபம் ஒன்றுதான் எனக்கு.

அன்று சத்தம் கேட்டு நான் விழித்துவிடக் கூடாது என்று வெறுங்காலோடு போய்விட்டீர்கள். உங்கள் செருப்பு கதவோரம் கிடக்கிறது. நல்ல தடிமன், தாராளமாக வெட்டலாம் என்று சிலுவை நேற்று அதைக் கையில் எடுத்தான். பிடுங்கி வைத்துவிட்டேன். ஊர்ச் செருப்பையெல்லாம் வெட்டுகிறவள் அதை மட்டும் தினமும் துடைத்து வைக்கிறேன். மாதா கோயில் கொடியேற்றத்துக்குள் வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாய் ரயிலேற்றி விடட்டும்.

உங்கள்
கிளாடிஸ்