பதினெட்டில் நிறுத்திய காற்று

ஏங்க, டயருக்குள் பல நாள் அடைந்து கிடந்த காற்றுக்கு ஒரு வாசனை உண்டு. ரப்பரும் தூசியும் கலந்த, லேசாகப் புளித்த வாசனை. போன வாரம் அம்பத்தூரில் ஒரு பெட்ரோல் பங்கில் அது என் மூக்கில் ஏறியது. நம் மகள் காருக்குக் காற்று பார்க்க நிறுத்தியிருந்தாள். இப்போதெல்லாம் யாரும் குனிந்து முள்ளைப் பார்ப்பதில்லை. எத்தனை பவுண்டு வேண்டும் என்று அழுத்தினால் இயந்திரமே ஏற்றுகிறது, கூடுதலாக இருந்தால் இறக்கியும் விடுகிறது. பின் டயரிலிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறியது. பக்கத்தில் நின்றிருந்த நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, மயக்கமா வருது?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கும்?

எனக்கு இருக்கிறது. எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த அதிர்ச்சி அடங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பீர்கள்.

காற்றழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் நீங்கள் முதல் டேபிள், நான் இரண்டாவது டேபிள். ஒவ்வொரு கேஜையும் இரண்டு பேர் சோதிக்க வேண்டும். முதல் ஆள் என்ன கண்டார் என்று இரண்டாவது ஆளிடம் சொல்லக்கூடாது. சொன்னால் கண் அதையே பார்க்கும் என்பார் முதலாளி. தப்பாகக் காட்டும் கேஜின் கண்ணாடியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்போம். சரிசெய்துவிட்டால் பொட்டைத் துடைத்துவிடுவோம். அவ்வளவுதான், பேச்சே கிடையாது. வெள்ளானூர்க்காரர் நீங்களும், ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்ணான நானும் இந்த லட்சணத்தில் எப்படிக் கல்யாணம் வரைக்கும் வந்தோம் என்று என் தங்கை இன்றும் கேலி செய்கிறாள்.

கழித்துப் போட்ட டயர் கேஜ் ஒன்றை நீங்கள் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தீர்கள். எட்டு பவுண்டு குறைவாகக் காட்டும். கண்ணாடியில் சிவப்புப் பொட்டு. "எவ்ளோ தப்பு காட்டுதுன்னு தெரிஞ்சிட்டா அது தப்பே இல்ல மே" என்றீர்கள். நம்முடைய பழைய வெள்ளைக் காருக்கு இருபத்தாறு பவுண்டு வேண்டும். ஆகவே கேஜில் பதினெட்டு காட்டினால் சரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்தாக வேண்டும் என்பது உங்கள் சட்டம். "ஓடுன டயருக்குக் காத்து பாக்கறது, ஓடியாந்தவனுக்கு நாடி புடிக்கிற மாதிரி" என்பீர்கள். பதினெட்டு, பதினெட்டு என்று என் கண்ணும் பழகிப்போனது.

குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தத் திருத்தணிக்குப் புறப்பட்ட நாள். சித்திரை வெயில். உங்கள் தங்கையையும் அவள் வீட்டுக்காரரையும் கூட்டி வர நீங்கள் விடியற்காலை ரயிலுக்குப் போய்விட்டீர்கள். நாலு டயரையும் பார்த்துவைக்கும் வேலை எனக்கு. கேஜை வைத்தேன். இருபத்தைந்து காட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் உள்ளே முப்பத்துமூன்று என்றல்லவா கணக்கு. இந்த வெயிலில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இத்தனை காற்றோடு போனால் வெடித்துவிடாதா? நாலு டயரிலும் வால்வின் ஊசியை அழுத்தி அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டேன். அந்த வாசனையைத்தான் போன வாரம் மறுபடி முகர்ந்தேன். பதினெட்டில் நிறுத்திவிட்டு, நல்ல வேளை பார்த்தோம் என்று சாமிக்கு நன்றி சொன்னேன்.

ஆளும் மூட்டையுமாக வண்டி நிரம்பியது. உங்கள் மச்சான் இறங்கி நின்று பின்னால் பார்த்தார். "இன்னா மாமே, டயரு அமுங்கினு கீதே?"

"ரேடியல் டயரு அப்பிடித்தான் பிதுங்கும். ஏறு நைனா" என்றீர்கள். அப்போதுதான் ரேடியல் மாற்றியிருந்தோம். அது பிதுங்கித்தான் தெரியும் என்று கடைக்காரரும் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் தலையாட்டினேன்.

திருவள்ளூர் தாண்டி, புளியமரங்கள் வரிசையாக நிற்கும் ரோட்டில் பின் டயர் வெடித்தது. சத்தம் எனக்குக் கேட்ட மாதிரியே இல்லை. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் போனது, ஒரு லாரியின் முகம் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மரத்தை உரசிக்கொண்டு மண்ணில் இறங்கி நின்றோம். என் மடியில் குழந்தை இல்லை. கீழே, என் காலடியில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அழவில்லை. உங்கள் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள், இவள் மட்டும் சத்தமே இல்லாமல் என்னையே பார்க்கிறாள். அந்த நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். நீங்கள் வந்து அவளைத் தூக்கி முதுகில் தட்டியதும் வீறிட்டு அழுதாள். ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

உங்கள் தங்கைக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அவர்களை ஒரு வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, நீங்கள் கேஜை எடுத்து மற்ற டயர்களில் வைத்தீர்கள். சூடேறிய டயரில் இருபத்திரண்டு காட்டியது.

"காலைல எவ்ளோ வச்சே?"

"பதினெட்டு. எப்பவும் வைக்கிறதுதானே."

"இன்னாமே சொல்றே? இருபத்தாறு வெக்கணும்."

"எட்டு கம்மியாக் காட்டுமே. அதுக்குத்தானே பதினெட்டு?"

உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. "அத்த போன வாரமே கம்பெனிக்கு எடுத்தும்போயி சரி பண்ட்டேனே. பொட்டக்கூட தொடச்சிட்டேன். நீ பாக்கல?"

கேஜை என் முன்னால் நீட்டினீர்கள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நான் திறந்துவிட்டதில் உள்ளே நிஜமாகவே பதினெட்டுதான்; காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் நசுங்கிச் சூடேறித்தான் வெடித்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோடு என்றும் பார்க்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடுகிற மனுஷிக்குப் பொட்டைத் துடைத்துச் சேதி சொல்வார்களா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கத்தினேன். நீங்கள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "இனிமே சொல்றேன் மே" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

சொன்னபடி செய்தீர்கள். வேண்டாம் என்கிற அளவுக்குச் செய்தீர்கள். கேஸை மூடினேன் மே, மோட்டாரைப் போட்டேன் மே, செருப்பு மாத்திக்கினேன் மே என்று தெருமுனையிலிருந்தே குரல் வரும். பக்கத்து வீட்டு அம்மா, "உங்க ஊட்டுக்காரரு ரேடியோ ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அந்தக் குரல் வரவில்லை என்றால் கை வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பேன். இந்த மனுஷர் என்னிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை என்று தொண்ணூறுகள் முழுக்க, அதற்குப் பிறகும், நிம்மதியாக இருந்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய அன்று டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆபரேஷன் செஞ்சுக்கலாம்னு அப்பவே சொன்னேனே. வீட்டுல பேசிட்டேன், அவங்களும் வேணாங்கறாங்கன்னு சொன்னாரே" என்றார். யார் வீட்டில்? எப்போது? செருப்பு மாற்றியதைச் சொன்ன வாய்க்கு இதைச் சொல்ல வரவில்லையா? அழுகை வரவில்லை. புளியமரத்தடியில் வந்த அதே ஆத்திரம்தான் வந்தது. கத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். என் வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது. உடனே எடுத்துவிட வேண்டும் என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு ஆபீஸில் நெருக்கடி, ஏன் பாரம் ஏற்றுவது என்று பூ வாங்கினேன், குழம்பு வைத்தேன், டிவி பார்த்தேன். பங்கில் அந்தக் காற்று வெளியேறியபோது என்னை உட்கார வைத்தது பழைய பயம் மட்டும் இல்லை. நானும் உங்களை மாதிரியே பொட்டைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகும் வாய் திறக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதை நினைத்தால் இன்னும் அதிர்ச்சியாக இருக்கிறது.

இன்று காலை அவள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன். பையைக் கீழே வைத்தாள். அழவில்லை; என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உங்களைப் போல அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே, "அப்பாவ அவ்ளோ திட்டினியேம்மா" என்றாள்.

நாளைக்கு இரண்டு பேருமாக டாக்டரிடம் போகிறோம். உங்கள் மேல் இருக்கும் கோபத்தை மட்டும் என்னிடமே வைத்திருக்கிறேன். உங்களிடம் பேச எனக்கு அது ஒன்றுதான் மிச்சம்.