கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர நான் நலம். அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஏகாம்பரநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் மோசடியில் பெரியவர்கள் ஏமாறாமல் இருக்க உங்கள் கம்பெனி செய்யும் பாடத்தை அனுப்பி, அதில் பேசுகிற மிஷின் குரலின் வேகம் சரியா என்று கேட்டிருந்தாய். தறியில் உட்கார்ந்தபடியே போனைப் பக்கத்தில் வைத்துக் கேட்டதுதான் வினை. அந்தப் பெண் மூச்சு விடாமல் பேசுகிறாள், என் காலும் அவள் வேகத்துக்கே தறியை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. இழையை நெருக்கும் பலகையின் அடி சரியாக விழாமல் அந்த இடத்தில் மட்டும் புடவை தளர்ந்து போயிற்று. தறியைப் பார்க்க வந்த கடைக்காரர் பூவராகவன் விரலால் தடவிவிட்டு, இன்னாபா குமாரவேலு, இந்த இடத்துல யாராவது உன்னைத் துரத்திக்கினு வந்தாங்களா என்று கேட்டார். பிரித்து மறுபடி நெய்தேன். பிறகு எதிர்வீட்டுக் கீர்த்திதான் வந்து வேகத்தை முக்காலாகக் குறைத்துக் கொடுத்தாள். இப்போது தறியின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒவ்வொரு சொல்லாக வந்து விழுகிறது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் நாடாவைத் தள்ளும்போது அப்படித்தான் பேசுவாள், தறிச் சத்தம் ஓயும் இடம் பார்த்து. அவள் போன பிறகு இந்த வீட்டில் அப்படிப் பேச யாரும் இல்லை. பாடம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து போடுகிறேன். அடுத்த பகுதிக்குப் போகலாமா என்று அந்த மிஷின் பெண் கேட்டால், போலாம்மா என்று வாய் தானாகச் சொல்கிறது, சிரிக்காதே. அதனால் முக்கால் வேகமே வை, வாக்கியத்துக்கு வாக்கியம் கொஞ்சம் இடமும் விடு. எங்களுக்குப் புரியாமல் இல்லை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதுதான் குறை.

கீர்த்தி இன்னொன்றும் காட்டினாள். போனில் நாம் பேசி அனுப்புவதையும் இரட்டை வேகத்தில் ஓட்டலாமாம், எல்லாரும் அப்பிடித்தான் கேக்குறாங்க தாத்தா என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பேசி அனுப்பினால், அது ஓடி முடியும் நேரம் ஆவதற்குள்ளேயே ஓகேப்பா என்று உன் எழுத்து வந்துவிடும். பெண் சுறுசுறுப்பு என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபமில்லையம்மா, வலித்தது. உனக்கு வேலை இருக்கும். ஆனால் போன வாரம் அம்மாவின் திதி பற்றிச் சொல்லும்போது நடுவில் பேச முடியாமல் நின்றேன், அது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. உங்கள் இருவருக்கும் நம் ஊர்க் கோயில் அம்மனின் அருள் குறைவில்லாமல் இருக்கட்டும். நேரம் கிடைக்கிற ஒரு நாள் மறக்காமல் எனக்கு ஏதாவது பேசி அனுப்பு. ஓகேப்பா என்பதையே உன் வாயால் சொல்லி அனுப்பினாலும் போதும், கீர்த்தியிடம் கொடுத்து மெதுவாக ஓட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா குமாரவேல்
காஞ்சிபுரம்