கோட்டுப் பையில் மூணு சிவப்புப் பட்டை

நியாங்கி அப்பா,

சோளமாவு உகாலியும் டகா மீன் குழம்பும் மூடி வெச்சிருக்கேன். சாப்பிடாம படுக்காதீங்க.

நீங்க சந்தைக்குக் கிளம்பினதும் ஒரு வெறிநாய் நம்ம நாய் சூயியைக் கடிச்சிடுச்சு. பதறாதீங்க, நல்லாத்தான் இருக்கான். "கடிபட்டது தடுப்பூசி போடாத நாய்னா கொன்னுடுறதுதான் வழி"ன்னு கால்நடை டாக்டர் போன்ல சொல்லிட்டார். ஊசி போட்டா வேட்டைநாய்க்கு மோப்பம் போயிடும்னு உங்க கூட்டாளிங்க பேச்சைக் கேட்டு ஊசி முகாமுக்கே அவனைக் கூட்டிட்டுப் போகலைன்னுதானே மூணு வருஷமா உங்களைத் திட்டுறேன்!

அழுதுகிட்டே அவனைக் கட்டக் கயிறு தேடினா, உங்க பழைய கோட்டுப் பையில ஊசி அட்டை. மூணு வருஷத்துக்கும் முத்திரை. முகாம்ல நாய் கழுத்துல கட்டிவிடுற சிவப்புப் பட்டையும் மூணு. கூட்டாளிங்க சிரிப்பாங்கன்னு அவிழ்த்து ஒளிச்சு வெச்சீங்களா, மனுஷா? என் திட்டையும் வாங்கிக்கிட்டு?

டாக்டர்கிட்ட அட்டையைப் படிச்சுக் காட்டினேன். "அப்போ பிழைச்சான். இன்னிக்கே ஒரு பூஸ்டர் போட்டு, நாப்பத்தஞ்சு நாள் கட்டிவெச்சுக் கவனிங்க"ன்னார். அவர்கிட்டதான் சூயியைக் கூட்டிட்டுப் போறோம். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

ரோபி

இன்னொண்ணு: அட்டையை மட்டும் எடுத்துக்கிட்டேன். பட்டை மூணும் அந்தப் பையிலயே இருக்கு. உங்க கூட்டாளிங்க கேட்டா, நான் எதையும் பார்க்கலை.