பாப்புவை நானே குளிப்பாட்டும் வரை

ஜூலை 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். கணப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துப் பாப்புவின் துணிகளைக் காயப்போட்டேன். எல்லாவற்றிலும் புகை வாடை.

இவர் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி இந்த வாரமும் ஓடவில்லை. பச்சை இலைக்கு விலை விழுந்ததிலிருந்து இப்படித்தான். எதிர்த் தோட்டத்தில் பறிக்க ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகிக்கொண்டிருக்கிறது. திருப்பூரில் கணக்கெழுத ஆள் கேட்கிறார்கள். இவர் போகாததற்குக் காரணம் நான்தான். வாய்விட்டுச் சொல்வதில்லை.

சில மாதம் முன்பு ஒரு நாள், குளிப்பாட்டும்போது என் காலில் கிடந்தது பாப்பு, சோப்பு நுரையோடு. திடீரென்று நெஞ்சு அடித்து, கை மரத்து, பிள்ளையை நழுவ விட்டுவிடுவேன் என்று அலறினேன். நழுவவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அத்தைதான் குளிப்பாட்டுகிறார். தனியாகப் பாப்புவோடு இருக்கவே பயம்.

இதுவரை பார்த்த வைத்தியம்: ஈசிஜி (கோளாறு இல்லை). மந்திரித்த கயிறு. தூக்க மாத்திரை: பாப்பு அழுதது காதிலேயே விழவில்லை, டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. "பனி ஒத்துக்கல" என்று ஊரே சொல்லி, மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வெயிலில், வியர்வையில், அங்கேயும் அதே நெஞ்சடிப்பு வந்தது. பாவம் பனி. வீண் பழி.

ஜூலை 6, வெள்ளி

குன்னூர். புது டாக்டரம்மா. இவர் வெளியே பாப்புவோடு.

"ஒரு தடவையாவது மயங்கி விழுந்திருக்கீங்களா?"

இல்லை.

"பிள்ளைய நழுவ விட்டிருக்கீங்களா?"

இல்லை.

"விழுந்துடுவோம்னு சொல்றது பயம்தான். உடம்பு இல்லை."

இதற்குப் பதற்ற நோய் என்று பேராம். நிறையப் பேருக்கு வருமாம். பேர் இருக்கிறது என்பதற்கே அழுதேன். தாய்ப்பால் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டுதான் மாத்திரை எழுதினார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். கூடவே ஒரு வேலை: குளிப்பாட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே செய்ய வேண்டும்.

பயம் போன பிறகு செய்கிறேனே என்றேன்.

"மழை விட்டப்புறம்தான் துணி துவைப்பேன்னா இந்த ஊர்ல முடியுமா?"

வரும் வழியில் பஸ்ஸில் இவர் வறுத்த கடலையை உரித்து உரித்துக் கையில் வைத்தார்.

ஜூலை 11

குமட்டல். சோற்று வாசனையே ஆகவில்லை.

அத்தை முகத்தில் ஒரே வெளிச்சம். நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார். "கனமானதத் தூக்காத அம்மிணி." எனக்குப் புரியவே சாயங்காலமாகிவிட்டது.

"அத்தை, அது இல்லைங்க. மாத்திரை. மனசுக்குப் போடறது."

அத்தை ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வசவு விழும் என்று நின்றேன்.

"அட கருமமே! நான் பக்கத்தூட்டு சரசுகிட்ட வேற சொல்லிப்போட்டனே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று! அத்தையும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ராத்திரி தட்டில் இட்லியோடு வந்து, "வெறும் வவுத்துல போடாத. தின்னுபோட்டு முழுங்கு." என்றார்.

ஜூலை 24

குமட்டல் நின்றது. நெஞ்சடிப்பு நிற்கவில்லை.

கதவைத் திறந்து வைத்து நான் குளிப்பாட்ட, வெளியே அத்தை அரிசி புடைத்தபடி காவல். நிமிஷத்துக்கொரு தரம், "இருக்கியா அம்மிணி?" அந்தக் குரலுக்கே திடுக்கென்றது. கேட்காதீங்க அத்தை என்றேன். அப்புறம் கோழியைத் திட்ட ஆரம்பித்தார், தான் அங்கேதான் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய. பாவம் கோழி.

பயம் வந்தது. இருந்தது. பாப்புவைத் துவட்டி முடிப்பதற்குள் குறைந்தும் போனது. தானாகக் குறைகிறது! எனக்கு யாரும் இதைக் காட்டித் தந்ததில்லை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

இவர் திருப்பூர் போயாச்சு. பஸ் ஏறும்போது, "நெசமாப் போகட்டுமா புள்ள?"

"போய்ட்டு வாங்க. போனதும் சரசக்கா ஊட்டுக்குப் போன் பண்ணுங்க."

பயம் போகவில்லை. இருந்தாலும் சொன்னேன். இவரும் கேட்டுக்கொண்டார். அதற்கு நன்றி.

ஆகஸ்ட் 21

வெயில்! அத்தை ரேஷன் கடைக்குப் போனார். காவலுக்குக் கோழி மட்டும்.

வெந்நீர் வைத்தேன். காலை நீட்டிப் பாப்புவைப் போட்டுக்கொண்டேன். சோப்புப் போடும்போது வந்தது, அதே நெஞ்சடிப்பு. வா, உட்கார் என்று விட்டுவிட்டுத் தலைக்கு ஊற்றினேன். பாப்பு நுரைக் கையால் என் கன்னத்தில் ஒரு அறை. மூக்கில் இன்னொன்று. நானும் நனைந்தேன்.

அத்தை பையோடு உள்ளே வந்து, "தண்ணி காய வெக்கட்டுமா?" என்றார். பாப்பு தலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். என்னைப் பார்த்தார்.

"சாம்பிராணி போட்டியா?"

போடவில்லை. பயத்தில் இல்லை. விளையாட்டில் மறந்துபோயிற்று.