அறுபது சொற்களும் ஒரு பாதிச் சிரிப்பும்

மார்ச் 4

இல்லை, மின்விசிறி இல்லை. அதை நிறுத்திவிட்டும் கேட்டேன். சத்தம் பழைய மடிக்கணினிக்குள்ளிருந்துதான். உள்ளேயிருந்து யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல. இரண்டு சுரண்டல், ஒரு டிக். பிறகு திரை நீலமாகிவிடுகிறது.

மூன்று வருடமாக அலமாரிக்கடியில் கிடந்தது. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மணி நேற்றுக் கேட்டதால் எடுத்தேன். "அம்மாவோட பழைய குரல் ஏதாவது இருக்கா? தன் குரலைத் தானே கேட்டா சில பேருக்கு வாய் வழிக்கு வரும்."

இருக்கிறது. இதில் மட்டும்தான்.

மார்ச் 5

அம்மாவிடம் மிச்சமிருப்பது ஒரே சொல்: போதும். தண்ணீர் வேண்டும் என்றாலும் போதும். கால் வலித்தாலும் போதும். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் அதே. மூளையில் ரத்தம் கட்டியபோது மற்ற எல்லாம் போய், இது எப்படித் தங்கியது?

மார்ச் 7

ரிப்பேர்க் கடை. எதைச் சொன்னாலும் 'முடியாதுங்க' என்று தொடங்கிவிட்டு, பிறகு செய்துகொடுக்கிற மனிதர். காதை மடிக்கணினிமேல் வைத்துக் கேட்டார்.

"முடியாதுங்க. ஹார்டு டிஸ்க் சாகப்போகுது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. சின்ன ஃபைலை முதல்ல காப்பி பண்ணுங்க. எதையும் திறந்து பாக்காதீங்க. பாட்டு கேக்காதீங்க, படம் பாக்காதீங்க. காப்பி மட்டும். புரியுதா?"

"பாட்டு இல்லீங்க, அம்மா பேசினது."

"எதுவா இருந்தாலும்."

பல்கலைக்கழகத்தில் நான் பேச்சொலி ஆய்வு செய்த துறையின் சர்வரில் ஒரு பிரதி இருந்தது. ஆய்வைப் பாதியில் விட்டவர்களின் கணக்கை மூடிவிடுவார்களாம். மூடிவிட்டார்கள்.

மார்ச் 8

அக்கா தொலைபேசியில்: "ஃப்ரீசர்ல வைடி. ஒரு வீடியோல பாத்தேன், உயிர் வந்துடுதாம்."

"காய்கறியா அது?"

"உன் படிப்பைவிட அதுக்கு ஆயுசு கெட்டி, பாத்துக்கோ."

சிரித்தேன். போனை வைத்த பிறகு வலித்தது.

அம்மாவின் கோப்புறைக்குப் பெயர் 'பே-07'. பேச்சாளர் ஏழு. ஆளின் பெயரை எழுதக் கூடாது என்பது ஆய்வு நெறி. உள்ளே இரண்டே கோப்புகள். ஒன்று, அறுபது சொற்கள் வாசித்தது. சிறியது. மற்றது ஒன்றரை மணி நேரம் வெறுமனே பேசியது. கேமராவைக் கண்டால் அம்மா வாயை மூடிக்கொள்வாள். 'உன் படிப்புக்குன்னா சரி' என்று அந்த ஒரு நாள்தான் பேசினாள்.

சிறியது பத்திரமாக வந்துவிட்டது.

மார்ச் 9

காலை பத்துக்குப் பெரியதைத் தொடங்கினேன். பதினொன்றரைக்கு நாற்பத்தொரு சதவீதம். பன்னிரண்டுக்கும் நாற்பத்தொன்று.

சரியான கோப்புதானா என்று பார்க்கத்தான் திறந்தேன்.

பொய். யாரிடம் பொய் சொல்கிறேன், என் நோட்டில்? குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அதனால் திறந்தேன்.

"இது ஓடுதாடி? சரி. கீழ்வீட்டுக்காரி இருக்காளே, நேத்து குடையை எடுத்துக்கிட்டு மாடிக்கு வந்தா பாரு—"

சொல்வதற்கு முன்பே சிரிப்பாள் அம்மா. எப்போதும் அப்படித்தான். நகைச்சுவை வருவதற்குள் அவள் சிரித்து முடித்திருப்பாள். சிரிக்கத் தொடங்கினாள்.

சுரண்டல். டிக். டிக். டிக்.

நீலம்கூட இல்லை. கறுப்பு.

மார்ச் 10

குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து என்ன செய்தாள்?

அன்று நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். ஒலி அளவைக் காட்டும் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

மார்ச் 11

"முடியாதுங்க," என்றார் கடைக்காரர். சொன்னபடியே மடிக்கணினியை என் பக்கம் திருப்பித் தள்ளினார். முதல் தடவையாக.

நின்றுபோன பிரதியையும் திறந்து பார்த்தார். அது முழுசாக வராததால் ஓடவே இல்லை.

அக்கா போனில் கத்தினாள். "ஏன்டி தொறந்தே? அந்த ஆளு படிச்சுப் படிச்சு சொன்னாருல்ல?" கத்தி ஓய்ந்தாள். பிறகு, "எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சா."

"சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

வைத்துவிட்டாள்.

மார்ச் 13

மிஞ்சியதைக் கேட்டேன். தண்ணீர். கதவு. விளக்கு. நாற்காலி. செய்தி வாசிப்பவள்போல, கஞ்சி போட்ட குரல். வீட்டில் சொல்கிற மாதிரி சொல்லேன் என்று அன்று கெஞ்சினேன். "மைக்குக்கு மரியாதை வேண்டாமாடி?" என்றாள். அதை வெட்டிவிட்டேன். இருமலை வெட்டினேன், 'போதுமா?' என்று கேட்டதை வெட்டினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மனசுக்குள் மூன்று எண்ணச் சொல்லியிருந்தேன். எண்ணியிருக்கிறாள். சுத்தமான மௌனம்.

அம்மா இல்லாத அம்மாவின் குரல்.

மார்ச் 16

பயிற்சி அறை. தரையில் நுரை விரிப்பு, சுவரில் வாய்ப் படங்கள். வேறு ஒன்றும் இல்லை என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் கொடுத்தேன். அந்த அம்மணி மூன்று சொல் கேட்டார், நிறுத்தினார்.

"கதையா இருந்தா அவங்களால கூடவே ஓட முடியாது. இதுல இடம் விட்டிருக்கீங்களே. தினம் பத்து நிமிஷம் போடுங்க. இதுவே என் வேலையைச் செஞ்சிடும், என்னை வேலையிலேருந்து தூக்கிடப்போறாங்க."

ஆறுதலுக்குச் சொல்கிறாரா? முகத்தில் தெரியவில்லை.

குரல் வந்ததும் அம்மா வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

மார்ச் 17

காலை. ஜன்னலோரம் அம்மாவின் நாற்காலி.

தண்ணீர். போதும். கதவு. போதும். விளக்கு. போதும். இருபத்திரண்டு சொற்களுக்கும் இதே பதில். கோபமில்லாமல், பொறுமையாக, மூன்று எண்ணுவதற்குள்.

சாவி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பல்லிடுக்கில் காற்று வந்தது. 'ச'வின் காற்று என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வேறு, கேட்பது வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் ஒரு காலத்தில் படித்தேன்.

அதற்குள் அடுத்த சொல் வந்துவிட்டது. நிறுத்தினேன். ஐந்து வினாடி பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டேன்.