குசினிக்குள் நிற்கும் வேம்பு

சூரிச்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? போன கிழமை விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும்போது பனியில் சறுக்கிவிட்டேன். கையில் சின்னக் கட்டுத்தான், யோசிக்க வேண்டாம்.

பலாலிக் காணியைப் பற்றித் தங்கச்சி சொன்னாள். விமானத்தில் பறப்பவர்கள், தங்கள் பயணத்தின் புகைக்கு ஈடாக எங்கேயோ ஒரு காட்டைக் காக்கக் காசு கொடுக்கிறார்கள். அப்படி ஒரு நிறுவனம் இப்போது எங்கள் காணியைக் கேட்கிறதாம். முப்பது வருடம் ஆமி எங்களை உள்ளே விடாததில் அது தானாகவே காடாகிவிட்டது. சம்மதித்தால் இனி அங்கே மரம் வெட்டவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. "அவன் வந்து வீடு கட்டுவான், நான் ஓமெண்டு சொல்லமாட்டன்" என்று அழுதீர்களாம்.

தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். ஓம் என்று சொல்லுங்கள், அம்மா. வருவேன், கட்டுவேன் என்று நானும் வருடாவருடம் சொன்னேன். இனி அதை நம்பி இருக்க வேண்டாம்.

வேலி போடுமுன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டுபோய்க் கிணற்றடியைப் படம் எடுத்து அனுப்புங்கள். முடிந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூளும். இங்கே வாங்குவதில் உங்கள் கைவாசம் இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்த நிறுவனத்திலிருந்து மரம் எண்ண வருகிறவர்களிடம், நீங்கள் சமைத்த அந்த இடிந்த குசினிக்குள் முளைத்த வேம்பையும் விடாமல் எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அது ஒன்றுதான்.

உங்கள் மகன்
வசீகரன்